செவலைக்குப் போட்ட கடிவாளம்

ஒரு காட்டில் எருமைகள் அதிகம், யோசனை குறைவு. நான் காட்டைக் குறை சொல்லவில்லை, குழந்தைகளே. எருமைகளைத்தான் சொல்கிறேன். கெட்டவை அல்ல. ஒன்று தண்ணீர் குடித்தால் எல்லாம் குடிக்கும், ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கும், ஒன்று ஓடினால் எல்லாம் ஓடும். ஏன் ஓடுகிறோம் என்று கேட்கிற வழக்கம் மட்டும் அங்கே கிடையாது.

அவை மேய்ந்த சரிவின் அடியில் ஒரு பெரும் பள்ளம் இருந்தது. அதற்கு யானைவிழுந்தான் என்று பெயர். எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். வேறு இடத்தில் மேயக் கூடாதா என்று கேட்பீர்கள். புல் அங்கேதான் இருந்தது, என்ன செய்வது?

ஆண்டுதோறும் சித்திரையில் கோடை மழையின் முதல் இடி விழும். கூட்டம் மிரண்டு சரிவில் தலைதெறிக்க இறங்கும். பெரிய எருமைகள் விளிம்பு வரை போய் எப்படியோ திரும்பிவிடும். கன்றுகளுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? அந்த ஆண்டு ஏழு கன்றுகள் பள்ளத்தில் விழுந்து செத்தன. அவற்றில் ஒன்று மோழையின் கன்று.

மோழைதான் கூட்டத்துக்குத் தலைவி. கொம்பு இரண்டும் ஒடிந்துபோன எருமை என்பதால் அந்தப் பெயர் வந்தது. கன்று போன பிறகு அது மூன்று நாள் பள்ளத்தின் விளிம்பை விட்டு நகரவில்லை. புல்லைத் தொடவுமில்லை. பெற்ற வயிறு அல்லவா?

நான்காம் நாள் செவலை அதன் பக்கத்தில் போய் நின்றது.

செவலை ஒரு பெண் குதிரை. காட்டு வழியே போன குதிரை வியாபாரிகள், நொண்டுகிறது, பிழைக்காது என்று குட்டியிலேயே அதை விட்டுப் போனார்கள். மோழைதான் பால் கொடுத்து வளர்த்தது. எருமைப் பாலில் வளர்ந்ததால் செவலை தன்னையும் எருமை என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை சேற்றில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணத்தைக் கைவிட்டது.

"அம்மா," என்றது செவலை. "நான் உங்க எல்லாரையும்விட வேகமா ஓடுவேன். முன்னாடி போய்க் கூட்டத்தை மறிச்சு வளைச்சா, அது பள்ளத்துப் பக்கம் போகாது."

"அப்போ அன்னைக்கு ஏன் செய்யல?" என்று மோழை கேட்டது.

"இடி விழுந்தா நானும்தான் மிரளுறேன். கண்ணை மூடிட்டு ஓடினேன். யாரை மறிக்கிறது, எந்தப் பக்கம் திரும்புறதுன்னு எனக்குத் தெரியல. மிரளாத ஒருத்தர் என் முதுகுல உட்கார்ந்து வழி சொன்னா நான் செய்வேன்."

மோழை முதன்முறையாகப் பள்ளத்தை விட்டுக் கண்ணை எடுத்தது.

முதுகில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளக் கை வேண்டும். அந்தக் காட்டில் கை உள்ளவர்கள் இரண்டு பேர். ஒன்று துடுக்கன் என்கிற குரங்கு. எதையும் இப்போதே, இந்த நிமிஷமே வேண்டும் என்பது அதன் குணம். மற்றொன்று மெள்ளன் என்கிற தேவாங்கு. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடாது, ஒன்றைப் பார்த்தால் மறக்காது. வியாபாரிகள் தங்கும் இடத்தருகே ஒரு மரத்தில் இருந்துகொண்டு, அவர்கள் குதிரை பழக்குவதைப் பல ஆண்டுகளாகக் கண் கொட்டாமல் பார்த்திருந்தது.

மோழை இரண்டையும் கூப்பிட்டது. துடுக்கன் ஒரு மரப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. வியாபாரிகள் மறந்து விட்டுப்போன பெட்டி. உள்ளே தோல் வார்களும் இரண்டு கடிவாளங்களும் இருந்தன. ஒன்றில், குதிரையின் வாய்க்குள் வைக்கும் கம்பி மெல்லியதாக, நடுவில் மடங்குவதாக இருந்தது. மற்றதில் இருந்தது கனமான இரும்பு. இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு வளைந்த கைகள், அவற்றில் வெள்ளிப் பூ வேலை.

"பெட்டி என்னுது. நான்தான் கண்டெடுத்தேன்," என்றது துடுக்கன். "அடுத்த இடிக்கு இன்னும் பதினோரு மாசம் கிடக்கு. இப்பவே எதுக்கு அவசரம்? மாம்பழக் காலம் வேற. வேலை செய்யணும்னா மெள்ளன் செய்யட்டும். பெட்டியை எடுத்துக்க, எனக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்கு எத்தனை நாள் ஆகும், தம்பி?" என்று மோழை மெள்ளனிடம் கேட்டது.

"செவலையைக் கேட்டுத்தான் சொல்லணும், மோழையக்கா," என்றது மெள்ளன்.

எருமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குதிரையைக் கேட்பதா? நல்ல வேடிக்கை!

மெள்ளனுக்குப் பகல் வெளிச்சத்தில் கண் கூசும். ஆகவே விடியற்காலையிலும் மாலையிலும் வேலை நடந்தது. முதல் பத்து நாள் மெல்லிய கம்பியைச் செவலையின் வாயில் வைக்கவே இல்லை. செவலை புல் தின்கிற இடத்தில் மெள்ளன் அதை ஒரு கிளையில் தொங்கவிட்டது. செவலை முகர்ந்தது, நக்கியது, அலுத்துப்போய்த் திரும்பிக்கொண்டது. பதினோராம் நாள் தானாகவே வாயில் வாங்கிப் பார்த்தது.

மழைக்காலம் வந்தபோது விடியற்காலையில் கம்பி ஐஸ் போலச் சில்லிட்டுக் கிடக்கும். மெள்ளன் அதைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கம்பி சூடேறிய பிறகுதான் நீட்டும். தேவாங்கே ஒரு விளாம்பழம் கனம். கம்பியை அணைத்துக்கொண்டு அது வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்து எருமைகள் சிரித்துச் சிரித்து அசைபோட மறந்தன.

"தேவாங்கு குதிரையைப் பழக்குதா, குதிரை தேவாங்கைப் பழக்குதா?" என்றது கட்டையன் என்ற கடா. கூட்டம் ஓடும்போது எப்போதும் முதலில் ஓடுவது அதுதான்.

"ரெண்டும் நடக்குது, கட்டையண்ணே," என்றது மெள்ளன்.

மெள்ளனின் முறை இதுதான். வலப்பக்கம் போக வேண்டுமானால் வலப்பக்க வாரை மெல்லப் பிடிக்கும். இழுக்காது, பிடித்துக்கொண்டு காத்திருக்கும். செவலை யோசிக்கும். தலையை ஒரு விரற்கடை திருப்பும். திருப்பிய அந்தக் கணமே மெள்ளன் வாரைத் தளர்த்திவிடும்.

"இன்னும் கொஞ்சம் பிடிச்சிருந்தா முழுசாத் திரும்பியிருப்பேனே?" என்று செவலை ஒருநாள் கேட்டது.

"நான் கேட்டேன், நீ கொடுத்தே. கொடுத்த பிறகும் கையை விடலேன்னா, நாளைக்கு எதுக்குக் கொடுக்கப் போறே?" என்றது மெள்ளன்.

செவலைக்கு அது நியாயமாகப் பட்டது.

மெள்ளன் தப்பே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ஒருநாள் புதரிலிருந்து மயில் ஒன்று படபடவென்று எழுந்தது. பயந்துபோன மெள்ளன் வாரைச் சட்டென்று இழுத்துவிட்டது. கம்பி செவலையின் உதட்டில் பட்டது. மெள்ளன் உடனே இறங்கியது. இறங்கி முடிக்க வெகுநேரம் ஆனது, அது வேறு விஷயம்.

"மிரண்டது நான். வலிச்சது உனக்கு. இன்னைக்கு இது போதும்," என்று சொல்லிவிட்டு, தேன் தடவிய இலை ஒன்றைக் கொண்டுவந்து அதன் உதட்டில் ஒற்றியது.

மறுநாள் விடிவதற்குள் செவலை மரத்தடியில் வந்து நின்றது.

ஐந்து மாதம் கழிந்தது. இப்போது வாயில் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. வார் கழுத்தின் ஒரு பக்கத்தில் படும். பட்டதும் செவலை மறுபக்கம் திரும்பும். மெள்ளன் மூச்சை இழுத்து நிமிர்ந்தால் அது நிற்கும். அப்போதுதான் மெள்ளன் பெட்டியிலிருந்து அந்தக் கனத்த இரும்பை வெளியே எடுத்தது. மெல்லிய கம்பியோடு கூடவே அதையும் செவலையின் வாயில் வைத்தது. ஆனால் அதற்கு வார் கட்டவில்லை.

வார் இல்லாத கடிவாளத்தைச் சுமந்துகொண்டு செவலை மேய்ந்தது, நடந்தது, தண்ணீர் குடித்தது. நாக்கால் அதைத் தள்ளியது, உருட்டியது. பல நாள் கழித்து, இரும்பு வாயில் சும்மா நிற்க இடம் கண்டுபிடித்துக்கொண்டது.

துடுக்கன் பக்கத்து மரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. "வார் கட்டாத கடிவாளமா! மெள்ளா, குதிரைக்கு மூக்குத்தி போட்டிருக்கியா?" என்று கத்தியது. ஒரு காயை வேறு எறிந்தது.

மோழைக்கும் சந்தேகம். அதன் வயிற்றில் அப்போது அடுத்த கன்று வளர்ந்துகொண்டிருந்தது. கவலை இருக்காதா? "அதுக்கு எப்போ வார் கட்டுவே, தம்பி?"

"இழுக்கவே வேண்டாம்ங்கிற நாள் வந்ததும் கட்டுவேன், அக்கா."

"என்னடா இது! இழுக்க வேண்டாம்னா இரும்பு எதுக்கு?"

"இதோட கை நீளத்தைப் பாருங்க. இங்கே ஒரு விரலால இழுத்தா, அங்கே நாலு பேர் இழுத்த மாதிரி விழும். இழுக்கிறதுக்குன்னு போட்டா தாடையே போயிடும். ஆனா புழுதியிலும் காத்திலும் அவ ஓடும்போது, என் சுண்டுவிரல் லேசா அசைஞ்சாலும் அவளுக்குத் தெரியணும் இல்லையா? அதுக்குத்தான் இது. சத்தம் போடுறதுக்கு இல்ல, மெதுவாப் பேசுறதுக்கு."

மோழை தலையை ஆட்டியது. புரிந்து ஆட்டியதா, சும்மா ஆட்டியதா என்று எனக்குத் தெரியாது.

பிறகு இரண்டுக்கும் வார் கட்டி, மெல்லிய கம்பியால் கேட்டு, கனத்த இரும்பால் அதே கேள்வியை நினைவூட்டிக்கொண்டே இன்னும் சில மாதங்கள் போயின. மாசியில் மோழை ஒரு பெண் கன்றை ஈன்றது. நெற்றியில் வெள்ளையாய் ஒரு புள்ளி. பொட்டு என்று பெயர் வைத்தார்கள். பொட்டு பிறந்த நாளிலிருந்து செவலையின் கால்களுக்கு நடுவேதான் தூங்கியது.

பங்குனி முடிவில் மெள்ளன் மெல்லிய கம்பியைக் கழற்றிவிட்டது. கனத்த இரும்போடு மட்டும் செவலையைக் கூட்டத்தின் முன் கொண்டுவந்தது.

அன்று எருமைகள் வாயைப் பிளந்தன. வார் இரண்டும் தொளதொளவென்று தொங்கின. மெள்ளன் இரண்டு விரலில் அவற்றைப் பிடித்திருந்தது. விரல் அசைந்தது தெரியவில்லை; செவலை இருந்த இடத்திலேயே சுழன்றது. பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் நின்றது. கட்டையனின் தோளோடு தோளாக ஓடி, அதை மேய்ச்சலின் மறுகோடி வரை வளைத்துக்கொண்டு போய் விட்டது. தான் எப்படி அங்கே வந்தோம் என்று கட்டையனுக்கே விளங்கவில்லை.

எருமைகளின் கண் எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? மெள்ளன் மேல் போகவில்லை. செவலை மேலும் போகவில்லை. வெயிலில் பளபளத்த அந்த இரும்பின் மேல் போயிற்று.

"அப்பப்பா, என்ன இரும்பு!" என்றது ஒரு எருமை. "இப்படியும் ஒரு இரும்பா!" என்றது இன்னொன்று. ஒன்று சொன்னால்தான் எல்லாம் சொல்லுமே.

அந்த நேரம் பார்த்துத் துடுக்கன் மாமரத்தை விட்டு இறங்கியது. மாங்காய் இன்னும் பழுக்கவில்லை. கூட்டத்தைக் காப்பாற்றியவர் என்ற பெயர் வேறு யாருக்கோ போகப் போகிறதே என்ற எரிச்சலும் இருந்தது.

"நல்லாப் பாருங்க," என்றது துடுக்கன். "அந்த இரும்பு யாருது?"

"உன்னுது," என்றன எருமைகள்.

"இந்தச் சுண்டைக்காய்ப் பயல் ரெண்டு விரல்ல பிடிச்சதுக்கே குதிரை இப்படிக் கேட்குது. நான் என் ரெண்டு கையாலயும் பிடிச்சா எப்படிக் கேட்கும்? கணக்குப் போட்டுப் பாருங்க!"

எருமைகள் கணக்குப் போட்டன. இரண்டு விரலுக்கே இவ்வளவு என்றால் இரண்டு கைக்கு எவ்வளவு? அம்மாடி! அவற்றுக்குத் தலையே கிறுகிறுத்தது.

"அது அப்படி இல்ல..." என்று மெள்ளன் தொடங்கியது. அது ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் துடுக்கன் பத்துப் பேசிவிடும்.

"இடி விழும்போது இவன் பகல்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். கன்னுக்குட்டிங்க கதி என்ன? பழக்கினது போதும். குதிரை தயார், இரும்பு தயார். இனி பலமான கைதான் வேணும். மோழையக்கா, பொட்டு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

மோழை பொட்டின் முகத்தைப் பார்த்தது. அங்கேதான் அதன் புத்தி நழுவியது. பயம் வந்தவர்களுக்குப் பலம் என்ற சொல் இனிக்கும். "சரி, துடுக்கனே ஏறட்டும்," என்றது.

செவலை மோழையைப் பார்த்தது. யாரும் அதை எதுவும் கேட்கவில்லை.

"நல்லதுக்குத்தாண்டி," என்று சொல்லிவிட்டு மோழை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மெள்ளன் அழவில்லை, சண்டை போடவில்லை. "நானும் கூட வரேன்," என்று மட்டும் கேட்டது. "பிடரி மயிருக்குள்ள ஒட்டிக்கிறேன். கனம் தெரியாது."

"வா. வாயைத் திறக்கக் கூடாது," என்றது துடுக்கன்.

பத்து நாள் வானம் வெறித்துக் கிடந்தது. துடுக்கன் ஒருநாள்கூடச் செவலை மேல் ஏறிப் பார்க்கவில்லை. இரும்பு இருக்கும்போது பழகிப் பார்ப்பது எதற்கு என்பது அதன் எண்ணம். வெள்ளிப் பூக்களை மட்டும் தினமும் சாம்பல் போட்டுத் தேய்த்தது.

பதினோராம் நாள் பிற்பகலில் மேற்கே கறுத்தது. காற்று நின்றது. துடுக்கன் கடிவாளத்தை மாட்டி ஏறி உட்கார்ந்தது. மெள்ளன் பிடரிக்குள் புகுந்துகொண்டது. முதல் மின்னல் வெட்டியது. அடுத்து இடி, மலையே பிளந்ததுபோல் விழுந்தது.

கட்டையன் ஓடியது. எல்லாம் ஓடின.

செவலை பாய்ந்தது. இரண்டு மூச்சில் கூட்டத்தின் பக்கவாட்டுக்கு வந்தது. மூன்றாவது மூச்சில் கட்டையனின் தோளை நெருங்கியது. இன்னும் ஒரு பாய்ச்சல் போதும். தோளைத் தொட்டு இடப்பக்கம் அழுத்தினால் கூட்டம் வளைந்துவிடும்.

அப்போது இரண்டாவது மின்னல் அருகிலிருந்த ஒரு மரத்திலேயே இறங்கியது. துடுக்கன் அலறியது. விழாமல் இருக்க எதையாவது பிடிக்க வேண்டும். கையில் வார் இருந்தது. இரண்டு கையாலும், முழு பலத்தோடு, பின்னால் சாய்ந்து இழுத்தது.

பத்து மாதமாகக் கிசுகிசுப்பை மட்டும் கேட்டு வந்த வாயில் அந்த இழுப்பு விழுந்தது. நீண்ட கைகள் நெம்பின. இரும்பு நாக்கில் இறங்கியது. செவலை வலியில் தலையைத் தூக்கி, பின்னங்கால்களை மடக்கி, நட்டு வைத்ததுபோல் நின்றுவிட்டது.

குதிரை நின்றது. குரங்கு நிற்கவில்லை. செவலையின் காதுகளுக்கு மேலாகப் பறந்தது. பறந்தபோதும் வாரை விடவில்லை. அதோடு தலையைச் சுற்றிக் கட்டியிருந்த வாரும் காதைத் தாண்டி உருவி வந்தது. இரும்பும் வாயிலிருந்து கழன்று கூடவே போனது. முட்புதர் ஒன்றில் துடுக்கன் போய் உட்கார்ந்தபோது, முழுக் கடிவாளமும் அதன் மடியில் பத்திரமாக இருந்தது.

கூட்டம் செவலையைத் தாண்டி இருபக்கமும் ஓடியது. கடைசியாகக் கன்றுகள் ஓடின. எல்லாவற்றுக்கும் கடைசியில் பொட்டு, சின்னக் கால்களால் தடுமாறிக்கொண்டு, "அம்மா, அம்மா!" என்று கத்திக்கொண்டு போனது.

செவலையின் வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது. வாயில் எதுவும் இல்லை. இப்போது காட்டின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அது ஓடலாம், தடுக்க ஆள் இல்லை.

பிடரிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பிடித்தால் விடாதவன் அல்லவா மெள்ளன்? அங்கேயேதான் இருந்தது.

"வலிக்குது, தெரியும்," என்றது மெள்ளன். "போலாமா, செவலை?"

செவலையின் ஒரு காது பின்னால் திரும்பியது. பிறகு அது பாய்ந்தது.

அப்படி ஒரு ஓட்டத்தை அந்தக் காடு பார்த்ததில்லை. பொட்டைத் தாண்டியது, தாய்களைத் தாண்டியது, கட்டையனை எட்டியது. பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. மீண்டும் இடி விழுந்தது. செவலையின் உடல் முழுதும் சிலிர்த்தது. மெள்ளன் தன் சின்ன உள்ளங்கையை அதன் கழுத்தின் வலப்பக்கத்தில் வைத்தது. வார் படுகிற அதே இடம். அதே லேசு. அழுத்தவில்லை, வைத்துவிட்டுக் காத்திருந்தது.

செவலை இடப்பக்கம் திரும்பியது. மெள்ளன் கையை எடுத்தது.

செவலையின் தோள் கட்டையனின் தோளில் மோதியது. கட்டையன் ஓரடி விலகியது. மறுபடி உள்ளங்கை, மறுபடி தோள். கட்டையன் இன்னும் விலகியது. யானைவிழுந்தானின் விளிம்பில் கூழாங்கற்கள் தெறித்து உள்ளே விழுந்தன, விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. கட்டையன் வளைந்தது. கட்டையன் வளைந்தால் எல்லாம் வளையும். ஓட்டம் பெரிய வட்டமாகி, வட்டம் சிறிதாகி, கடைசியில் எருமைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மூச்சிரைக்க நின்றன. அப்போதுதான் மழை கொட்டத் தொடங்கியது.

மோழை கன்றுகளை எண்ணியது. ஒன்றுகூடக் குறையவில்லை. பொட்டு மடியை முட்டிக்கொண்டிருந்தது. மோழை நனைந்தபடியே அதை நக்கி நக்கி, அழுதது.

துடுக்கன் புதரிலிருந்து எழுந்து, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே வந்தது. கடிவாளத்தைத் தூக்கிக் காட்டியது. "நல்லவேளை, இதுக்கு ஒண்ணும் ஆகல. பத்திரமா வச்சிருக்கேன்!"

எருமைகள் இரும்பைப் பார்த்தன. பிறகு வெறும் வாயோடு நின்ற செவலையைப் பார்த்தன. மறுபடி இரும்பைப் பார்த்தன. வாழ்க்கையில் முதன்முறையாக அவை எல்லாம் சேர்ந்து யோசித்தன. வேர்த்துக் கொட்டியது. மழை என்பதால் வெளியே தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் துடுக்கனுக்கு முதுகைக் காட்டித் திரும்பின. துடுக்கன் தூக்கிய கையை இறக்கி, நனைந்துகொண்டே மரத்தைத் தேடிப் போனது.

செவலையின் நாக்கு ஆற ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் கூட்டத்துப் பக்கம் அது வரவில்லை. ஓடைக்கு அக்கரையில் தனியாக மேய்ந்தது. மெள்ளன் மட்டும் தினமும் போய், பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தது.

மோழை ஒருநாள் ஓடையைக் கடந்து போனது. கொம்பில்லாத தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

"அடி செவலை, என் பால் குடிச்சவதானேங்கிற உரிமையில உன்னை ஒரு வார்த்தை கேட்காமப் போயிட்டேன். தப்பு என்னுது. உன் வாய்க்கு வந்த வலி என்னாலதான் வந்தது," என்றது. "அடுத்த இடிக்கு எங்களுக்காக ஓடுவியா? முடியாதுன்னாலும் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

செவலை கொஞ்சம் புல்லை மென்றது. எருமைப் பாலில் வளர்ந்தது அல்லவா, அசைபோடாமல் பதில் சொல்லாது.

"ஓடுறேன், அம்மா," என்றது. "பொட்டு என் தங்கச்சி. ஆனா ஒண்ணு. என் வாயில எதை வைக்கிறது, என் முதுகுல யார் ஏறுறதுன்னு இனிமே நீங்க கூட்டம் போட்டுப் பேசாதீங்க. என்கிட்ட பேசுங்க."

"பேசுறோம்," என்றது மோழை.

மறுநாள் விடியற்காலையில் செவலை மரத்தடிக்கு வந்தது. மெள்ளன் பெட்டியைத் திறந்தது. கனத்த இரும்பு இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அது துடுக்கனிடமே இருந்தது; யாரும் போய்க் கேட்கவில்லை. மெள்ளன் மெல்லிய கம்பியை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது. செவலை காத்திருந்தது. கம்பி சூடேறியதும், தானே தலையைத் தாழ்த்தி வாயைத் திறந்தது.

நீதி: பொறுமையாய்ப் பெற்ற இணக்கத்தை இரும்பின் வலிமை என்று எண்ணுபவன், கையில் இரும்போடு தனியே நிற்பான்.